சின்னக் கல்லூரியில் கணிதம் படிக்கப் போகிறீர்களா?

சின்னக் கல்லூரியில் கணிதத்தை முதன்மைப் பாடமாக எடுக்கலாமா என்று கேட்டால், தாராளமாக எடுங்கள் என்றுதான் சொல்வேன். நானும் அப்படிப் படித்தவன்தான். ஆனால் அங்கே எது கிடைக்கும், எது கிடைக்காது என்பதை முதலிலேயே தெரிந்துகொண்டு போங்கள்.

கிடைக்காதவை விருப்பப் பாடங்கள். டோபாலஜி, நம்பர் தியரி போன்றவை எல்லா ஆண்டும் நடக்காது. நடத்த ஆசிரியரும் படிக்கப் போதுமான மாணவர்களும் சேர்ந்தால்தான் நடக்கும். அதனால் முதல் ஆண்டிலேயே துறைத் தலைவரைப் பார்த்து, எந்தப் பாடம் எப்போது வரும், அதற்கு முன் எதை முடித்திருக்க வேண்டும் என்று கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். இதைத் தள்ளிப்போட்டால் கடைசி ஆண்டில் கை பிசைய வேண்டியிருக்கும்.

கிடைப்பது ஆசிரியரின் நேரம். இது எவ்வளவு பெரிய விஷயம் என்பது எல்லை, தொடர்ச்சி போன்றவற்றை நிரூபணத்தோடு படிக்கும் ரியல் அனாலிசிஸ் வகுப்பில்தான் எனக்குப் புரிந்தது. தொடர்ச்சியான, அதாவது கோடு அறுபடாத சார்புகள் ஒன்றன்பின் ஒன்றாக நெருங்கிப் போய்ச் சேரும் சார்பும் (அதைத்தான் எல்லை என்கிறோம்) தொடர்ச்சியானதாகத்தான் இருக்குமா என்று ஒருநாள் கேள்வி வந்தது. ஆசிரியர் பதில் சொல்லவில்லை. எக்ஸ், எக்ஸ் ஸ்கொயர், எக்ஸ் கியூப் என்று பூஜ்ஜியம் முதல் ஒன்று வரை வரைந்துகொண்டே போகச் சொன்னார். ஒவ்வொரு வளைகோடும் எங்கும் அறுபடாமல் போகிறது. எல்லையில் வருவதோ, ஒன்றுக்கு முன்பு வரை பூஜ்ஜியம், ஒன்றில் மட்டும் ஒன்று! சரி, எங்கே இடறுகிறது? மதிப்பு 0.1க்குக் கீழே இறங்க எத்தனையாவது அடுக்கு வேண்டும் என்று கணக்கிடச் சொன்னார். 0.5இல் 4 போதும். 0.9இல் 22. 0.99இல் 230. ஒன்றை நெருங்க நெருங்க அடுக்கு ஏறிக்கொண்டே போகிறது. எல்லாப் புள்ளிக்கும் பொதுவாக ஒரே அடுக்கு கிடைப்பதில்லை. சீரான ஒருங்கல், அதாவது எல்லாப் புள்ளிகளிலும் ஒரே அடுக்கிலிருந்து எல்லையை நெருங்கிவிடுவது என்ற கருத்து எதற்காகத் தேவைப்பட்டது என்பது அந்த மூன்று எண்களிலேயே விளங்கிவிட்டது. பெரிய கணித மேதையான கோஷியே 1821இல், எல்லையும் தொடர்ச்சியானதாகவே இருக்கும் என்பதையொட்டிய ஒரு கூற்றைப் பொதுவாக எழுதிவிட்டார். 1826இல் ஆபெல் என்ற இன்னொரு கணித மேதை அதற்கு விதிவிலக்கு காட்டினார். இதையெல்லாம் ஆசிரியர் அப்புறம்தான் சொன்னார். இப்படி ஒரு மணி நேரம் ஒரே கேள்வியோடு உட்கார, வகுப்பில் ஆள் குறைவாக இருப்பது பெரிய வசதி.

அந்த நேரத்தை வாங்கவும் ஒரு முறை இருக்கிறது. ஆசிரியரின் அறைக்கு வெறுங்கையோடு போகாதீர்கள். எழுதிப் பார்த்த நிரூபணத்தோடு போங்கள். 'இந்தப் பாடம் புரியவில்லை' என்றால் அவர் முழுப் பாடத்தையும் திரும்ப நடத்துவார். நீங்கள் தலையாட்டிவிட்டு வருவீர்கள். 'இந்த வரியிலிருந்து அடுத்த வரிக்கு எப்படிப் போவது?' என்று கேட்டால், உங்கள் யோசனை எங்கே நிற்கிறது என்று அவருக்கே தெரிந்துவிடும். மேற்படிப்புக்குப் பரிந்துரைக் கடிதம் கேட்கும்போதும் இந்தப் பழக்கம்தான் கைகொடுக்கும். மதிப்பெண்ணைத் தாண்டி உங்களைப் பற்றி எழுத அவரிடம் விஷயம் இருக்கும்.

நடக்காத பாடத்தைத் தனிப்பாடமாகப் படிக்கலாமா என்று கேட்டுப் பாருங்கள். வாரம் ஒருமுறை நீங்களே கரும்பலகையில் விளக்குவது, ஆசிரியர் குறுக்கே கேள்வி கேட்பது என்று வைத்துக்கொண்டால் நன்றாக நடக்கும். லீனியர் அல்ஜீப்ராவுக்கு அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழக இணையதளத்தில் பேராசிரியர் கில்பர்ட் ஸ்ட்ராங்கின் விரிவுரைகள் இலவசமாகவே இருக்கின்றன. பார்த்தால் மட்டும் போதாது, கணக்கைப் போட வேண்டும்.

வேலைக்குப் போகும் எண்ணம் இருந்தால் புரோகிராமிங்கும் புள்ளியியலும் சேர்த்துப் படித்துவிடுங்கள். இதில் யோசிக்க ஒன்றுமில்லை.

கவலைப்பட வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. பத்துப் பேரில் முதலாவதாக வருவதை வைத்து நம் நிலையை எடை போட முடியாது. வெளியே மற்றவர்கள் எந்த அளவுக்குக் கணக்குப் போடுகிறார்கள் என்பது உள்ளேயிருந்து தெரியாது. ஆகவே இரண்டாம் ஆண்டு முடிந்ததும், நீங்கள் சேர விரும்பும் முதுநிலைப் படிப்புகளின் பழைய நுழைவுத்தேர்வுத் தாள்களை எடுத்து, குறிப்புகளைப் பார்க்காமல், நேரம் வைத்து எழுதிப் பாருங்கள். பாதிக்கு மேல் வராவிட்டால் பதறாதீர்கள். வராத கணக்குகளைப் பாடவாரியாகப் பிரித்து, எந்தப் பாடத்தில் அதிகம் சேர்ந்திருக்கிறதோ அந்த ஆசிரியரிடம் அடுத்த வாரமே கொண்டுபோங்கள்.