மாத்திரையைத் தொடங்க வேண்டிய நாள்

நான் கருவுற்றிருப்பது உறுதியான அன்று, கடைசி மாதவிடாயிலிருந்து கணக்கிட்டால் ஆறு வாரங்கள் முடிந்திருந்தன. ஃபோலிக் அமில மாத்திரையை எப்போதிலிருந்து எடுத்துக்கொள்கிறீர்கள் என்று மருத்துவர் கேட்டார். இனிமேல்தான் தொடங்க வேண்டும் என்று நான் சொன்னபோது, எழுதிக்கொண்டிருந்த அவருடைய பேனா ஒரு கணம் நின்றதை நான் இன்னும் மறக்கவில்லை.

காரணம் பிறகுதான் புரிந்தது. குழந்தையின் மூளையாகவும் தண்டுவடமாகவும் வளரப்போகும் நரம்புக்குழாய், கரு உருவான சுமார் 28 நாட்களுக்குள், அதாவது நாள் தள்ளிப்போனதைப் பல பெண்கள் அப்போதுதான் கவனிக்கத் தொடங்கும் வேளையில், மூடிக்கொண்டுவிடுகிறது. செல்கள் விரைந்து பெருகும் அந்நாட்களில் ஃபோலேட் என்ற பி வைட்டமின் (மாத்திரையில் உள்ள ஃபோலிக் அமிலம் இதன் செயற்கை வடிவம்) குறைந்தால், குழாய் முழுமையாக மூடாமல் போகும் வாய்ப்பு கூடுகிறது. முன்பு இக்குறையுள்ள குழந்தையைச் சுமந்த பெண்களுக்கு அது மீண்டும் நேரும் வாய்ப்பை ஃபோலிக் அமிலம் 72 சதவீதம் குறைத்ததாக, பிரிட்டனின் மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் 1991-இல் வெளியிட்ட ஆய்வு காட்டியது.

ஆகவே, கருத்தரிக்க எண்ணும்போதே நாளொன்றுக்கு 400 மைக்ரோகிராம் என்ற அளவில் தொடங்கி, குறைந்தது முதல் 12 வாரங்கள் வரை தொடர வேண்டும். கீரையிலும் பயறு வகைகளிலும் ஃபோலேட் உண்டு. ஆனால், வேகவைத்த நீரை வடிக்கும்போது அதில் கணிசமான பகுதி வெளியேறிவிடுவதால், உணவை மட்டும் நம்பியிருப்பது போதாது என்றே நான் கருதுகிறேன். வலிப்பு மருந்து எடுப்பவர்களுக்கும் நீரிழிவு உள்ளவர்களுக்கும் கூடுதல் அளவு தேவைப்படலாம். அதை மருத்துவரே முடிவுசெய்ய வேண்டும்.

என் முதல் குழந்தை நலமாகப் பிறந்தாள். இரண்டாவது முறை, கருத்தரிப்பதற்கு மூன்று மாதங்களுக்கு முன்பே அந்த மாத்திரை அட்டை என் பல் துலக்கியின் அருகில் இருந்தது.