லாபம், இரண்டு, மூன்று…

கனடாவில், ஸ்காபரோவில் நான் வேலை செய்யும் மருந்துக்கடையில் மாத்திரைகளைத் தட்டில் கொட்டி, ஐந்தைந்தாகத் தள்ளி எண்ணுவோம். முதல் ஐந்தைத் தள்ளும்போது என் வாய்க்குள் ‘ஒன்று’ வருவதில்லை, ‘லாபம்’ என்றுதான் வரும். அப்பு களத்தில் நெல் அளக்கும்போது முதற்கொத்தை அப்படிச் சொல்லித்தான் சாக்கில் கொட்டுவார். பிறகுதான் இரண்டு, மூன்று. நோயாளியின் மருந்தை எண்ணிக்கொண்டு லாபம் என்று முணுமுணுப்பது அவ்வளவு அழகில்லைதான். என்ன செய்வது, வந்துவிடுகிறது.

‘நம் பண்பாடு’ பற்றி ஏதாவது எழுதும்படி நம் சங்க மலர்க்குழுவினர் கேட்டார்கள். கேட்டவுடன் கண்முன் வந்தது குத்துவிளக்கும் பட்டுச்சேலையும் மேடையும்தான். ஆனால் இலங்கையின் வன்னியில், முள்ளியவளையில் நாம் படித்த காலத்தில் இதற்கென்று தனி மேடை இருந்ததா? இருட்டுகூட நம் பண்பாட்டுக்குள்தான் இருந்தது.

1990 இல் அரசின் பொருளாதாரத் தடை வந்த பிறகு மண்ணெண்ணெய் தங்கம் மாதிரி ஆகிவிட்டதே, நினைவிருக்கிறதா? ஜாம் போத்தலின் அடியில் கொஞ்சம் பஞ்சு, அது நனையுமளவுக்கு எண்ணெய், மேலே சின்னத் திரி. அந்த வெளிச்சத்தில்தான் சாதாரணதரப் பரீட்சைக்குப் படித்தோம். காலையில் மூக்கைத் துடைத்தால் கைக்குட்டை கறுக்கும். பற்றரி இல்லாமல், சைக்கிள் பெடலைச் சுற்றி டைனமோவில் வானொலி கேட்ட வீடுகளும் இருந்தன.

அதே ஊரில்தான் வைகாசி வந்தால் கடல் நீரில் விளக்கெரியும். விசாகப் பொங்கலுக்கு முந்திய கிழமை சிலாவத்தைத் தீர்த்தக்கரையில் கடல் நீர் எடுத்து, நடந்தே காட்டா விநாயகர் கோயிலுக்குக் கொண்டுவருவார்கள். அந்த நீரில் ஏற்றிய விளக்கு பிறகு வற்றாப்பளைக் கண்ணகி அம்மன் கோயிலுக்குப் போகும். மதுரையை எரித்த கோபத்தோடு வந்த கண்ணகி, கிழவி வேடத்தில் நந்திக்கடல் ஓரம் மாடு மேய்த்த பொடியன்களிடம் விளக்கேற்றச் சொன்னாளாம். எண்ணெய் இல்லை என்றார்களாம். கடல் நீர் இருக்கிறதே என்றாளாம். எங்கள் வகுப்பில் ஒருவன், “கிழவி ஒருக்கா எங்கட வீட்டுப் பக்கமும் வந்திருக்கலாம்” என்றான். ரீச்சருக்கும் சிரிப்பை அடக்க முடியவில்லை. அம்மனோடு அப்படிப் பகிடி விடும் உரிமை எங்களுக்கு இருந்தது. பயபக்தி வேறு, பழக்கம் வேறு. எங்களிடம் இரண்டும் இருந்தன.

கோவலன் கூத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். தமிழ்த்தின விழாவுக்கு ஏதோ நவீன நாடகம் போடத்தான் முதலில் பேச்சு. கடைசியில் கூத்துப் பழக்கும் ஊர் அண்ணாவியார் ஒருவரை அழைத்து வந்தார்கள். சாரமும் தோளில் துண்டுமாக வந்து மரத்தின் கீழ் உட்கார்ந்தார். கையில் ஒரு தாளும் இல்லை. மத்தளத்தில் தட்டித் தட்டியே ஒவ்வொருவரின் வரவுப் பாட்டையும் சொல்லித் தந்தார். ரீச்சர் கொப்பியில் எழுதியதை வாசிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு, “இதில ஒரு அடி விட்டுப் போட்டியள் பிள்ளை” என்பார். திரும்பப் பாடிப் பார்த்தால் தாளம் உண்மையிலேயே இடறும். எனக்குக் கண்ணகி வேடம் கிடைக்கவில்லை, பிற்பாட்டுத்தான். அதில் ஒரு நன்மை: வேடக்காரருக்குத் தம் பாட்டு மட்டும் தெரியும், எனக்கு எல்லாருடைய பாட்டும் பாடம். இன்றைக்கும் கறி தாளிக்கும்போது கோவலனாக வந்து மாதவியாகப் போவேன்.

இங்கே வந்த புதிதில் நம்மவர்களே, “எந்த ஊர்?” என்று கேட்டுவிட்டு, முள்ளியவளை என்றதும், “ஓ, வன்னியா… காட்டுப்பக்கம்” என்று இழுப்பார்கள். அந்த இழுவைக்குப் பயந்து ‘யாழ்ப்பாணம்’ என்று சுருக்கமாகச் சொல்லித் தப்புகிறவர்கள் நம்மில் உண்டு. அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. நான் அப்போதும் காடுதான் என்றேன், இப்போதும் அதைத்தான் சொல்கிறேன். பாலைப்பழம் தின்று உதடு ஒட்டிப்போன சுகம் அவர்களுக்கு எங்கே தெரியும்? குரக்கன் பிட்டு வேலைக்குக் கொண்டுபோகிறேன். இந்தியக் கடையில் ராகி மா என்று கேட்டால் கிடைக்கும். உடன் வேலை செய்யும் பிலிப்பினோப் பெண் முதல் நாள் அதை சாக்லேட் கேக் என்று நினைத்து ஒரு துண்டு கேட்டாள். அவள் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டும். இப்போது தேங்காய்ப்பூ கூடப் போடும்படி கேட்டு வாங்குகிறாள்.

கனடா நாடாளுமன்றம் 2016 இல் தைமாதத்தைத் தமிழ் மரபுத் திங்களாக ஏற்றது. நல்ல காரியம், எனக்கும் பெருமைதான். தை முழுக்க விழா, சேலை, படம். மாசியில் எல்லாம் அலுமாரிக்குள் போய்விடுகிறது. எனக்கு முக்கியமான மாதம் வைகாசி. வற்றாப்பளைப் பொங்கலும் அதில்தான், முள்ளிவாய்க்காலில் போர் முடிந்த 2009 இன் மே பதினெட்டும் அதில்தான். அன்று வீட்டில் கஞ்சி மட்டும்: அரிசி, தண்ணீர், உப்பு. பிள்ளைகள் ஏன் என்று கேட்டால், அந்தந்த வயதுக்குத் தாங்குமளவு சொல்கிறேன்.

மகள் பள்ளியிலிருந்து பேன் கொண்டுவந்த அன்று அவளுக்கு ஒரே வெட்கம். சீப்போடு உட்கார்ந்து, என் அம்மா எனக்குச் சொன்ன கதையை எடுத்தேன். கண்ணகி அந்தப் பொடியன்களிடம் தலையில் பேன் பார்க்கச் சொன்னாளாம், மயிரை விலக்கினால் தலை முழுக்க ஆயிரம் கண்ணாம். “உனக்கும் இருக்கோ பாப்பம்” என்று வகிடெடுத்தேன். அழுகை நின்றது. அடுத்த வாரம் வகுப்பில் தெய்வங்கள் பற்றிய பாடத்தில் கையை உயர்த்தி, எங்கள் ஊர் அம்மனுக்கும் பேன் பார்க்க ஆள் தேவைப்பட்டது என்று சொல்லியிருக்கிறாள். ஆசிரியை எனக்குத் தொலைபேசி எடுத்தார். முறைப்பாடு இல்லை, மிச்சக் கதையைக் கேட்கத்தான்.

சங்கச் செயற்குழுவுக்கு ஒரு வேண்டுகோள். கோடை ஒன்றுகூடலுக்கு இந்த முறையும் கடைச்சாப்பாடும் டிஜேயும் என்று கேள்விப்பட்டேன். டிஜே இருக்கட்டும், பிள்ளைகள் ஆடட்டும். ஆனால் வயலில் பாடும் சூடடிப்புப் பாட்டோ அருவிச் சிந்தோ இரண்டு அடி தெரிந்தவர்கள் கட்டாயம் வரட்டும். பிட்டுக்கு மா நான் குழைக்கிறேன். நேரமில்லை என்று மட்டும் சொல்லாதீர்கள். வரவேற்புரை, தலைமையுரை, சிறப்புரை, நன்றியுரை நான்கையும் ஒன்றாக்கினால் ஒரு கூத்தே போடலாம்.