காற்றுப் பையும் கமான் பட்டையும்

நாமக்கல்லில் லாரிகளுக்குக் கமான் பட்டை (சுமையைத் தாங்கும், வில் போல் வளைந்த எஃகுப் பட்டைகளின் அடுக்கு) கட்டும் பட்டறையில் ஆறு ஆண்டுகள் வேலை பார்த்துவிட்டு, கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்தில் பிக்கப் வண்டிகளுக்குத் துணைக் கருவிகள் பொருத்தும் கடையொன்றில் சேர்ந்தேன். சுமை ஏற்றியதும் பின்பக்கம் தாழ்ந்துபோகும் வண்டிக்கு என்ன செய்ய வேண்டும் என்பதை இனி எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை என்ற நினைப்பு அப்போது இருந்தது. நாமக்கல்லில் அதற்கு ஒரே வழிதான்: பட்டைகளைக் கழற்றி, அடித்து வளைவு ஏற்றுவது, அதுவும் போதாவிட்டால் கூடுதலாக ஒரு பட்டை சேர்த்து யூ போல்ட்டை இறுக்குவது. சுமையோடு போகும்போது அந்த லாரி ஒழுங்காகப் போகும். காலியாகத் திரும்பும்போது ஓட்டுநரின் இடுப்பைக் கழற்றிவிடும். பெரும்பாலும் பாரத்தோடே ஓடும் லாரிக்கு அது சரி. ஆனால் வாரம் முழுவதும் கல்லும் உப்பும் சுமந்துவிட்டு, சனிக்கிழமை பிள்ளைகளை நீச்சல் வகுப்புக்கு ஏற்றிச் செல்லும் பிக்கப்புக்கு அந்த வைத்தியம் ஒத்துவராது.

அதற்குத்தான் காற்றுப் பை. சேஸிஸுக்கும் பின் ஆக்சிலுக்கும் இடையே இருக்கும் ரப்பர் கட்டையைக் கழற்றிவிட்டு, அந்த இடத்தில் பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு கனத்த ரப்பர் பைகளைத் தாங்கிகளோடு பொருத்துகிறோம். சுமை ஏறியதும் காற்றை அடித்து வண்டியை நிமிர்த்தலாம். சுமை இறங்கியதும் காற்றைக் குறைத்துவிட்டால் பழைய கமான் பட்டையின் மென்மை திரும்பிவிடும். நாங்கள் பொருத்திய பைகளில் பெரும்பாலானவற்றுக்குக் காற்றழுத்தத்தில் 100 பி.எஸ்.ஐ. மேல் எல்லை, 5 பி.எஸ்.ஐ. கீழ் எல்லை. காலி வண்டிதானே என்று காற்றை முழுவதும் எடுத்துவிட்டு ஓட்டினால், பை மடிந்து தன்னைத்தானே உரசிக் கிழிந்துவிடும்.

பார்க்க எளிய வேலை. இரண்டு மூன்று மணி நேரத்தில் முடிந்துவிடும். என் முதல் குளிர்காலத்தில் அதிலும் நான் தவறு செய்தேன். சுண்டுவிரலைவிட மெல்லிய நைலான் குழாயைச் சேஸிஸ் ஓரமாக இழுத்துக் கட்டியபோது, வலப்பக்கம் சைலன்சர் குழாயிலிருந்து ஆறு அங்குலமாவது தள்ளியிருக்க வேண்டும் என்ற விதியை, இடம் போதவில்லை என்று நானே எனக்குச் சமாதானம் சொல்லிக்கொண்டு மீறினேன். நான்காம் நாள் அந்த வண்டி வலப்பக்கம் சாய்ந்தபடி வந்து நின்றது. குழாய் உருகி ஒட்டிக்கொண்டிருந்தது. இரு பைகளுக்கும் தனித்தனி வால்வு வைத்திருந்ததால் இடப்பக்கப் பையாவது காற்றோடு இருந்தது. ஒரே வால்விலிருந்து இரண்டுக்கும் பிரித்துக் கொடுத்திருந்தால் இரண்டும் சேர்ந்தே இறங்கியிருக்கும். அது மட்டுமன்றி, அப்படிக் கொடுத்தால் வளைவுகளில் ஒரு பையின் காற்று மற்றதற்கு ஓடி, வண்டி கூடுதலாகச் சாயும். குழாயைக் கட்டிங் பிளேயரால் நறுக்கக் கூடாது, வாய் நசுங்கிக் கசியும், கூரிய பிளேடால் நேராக அறுக்க வேண்டும் என்பதையும், ஒவ்வோர் இணைப்பிலும் சோப்பு நுரை தடவிப் பார்க்காமல் வண்டியை வெளியே விடக் கூடாது என்பதையும் அதே வாரத்தில்தான் கற்றேன். பஞ்சர் கடைச் சிறுவனுக்குத் தெரிந்த பாடம் இது. எனக்குத்தான் தாமதமாக வந்தது.

அளவெடுக்கும் முறையும் எனக்குப் புதிது. நாமக்கல்லில் மேஸ்திரி பின்னால் நின்று ஒரு கண்ணை மூடிப் பார்த்தாலே போதும். இங்கே சமதளத்தில் காலி வண்டியை நிறுத்தி, நான்கு சக்கரங்களிலும் ஹப்பின் நடுவிலிருந்து மட்காடு விளிம்பு வரை அளந்து எழுதிக்கொள்ள வேண்டும். சுமை ஏற்றியபின் மீண்டும் அளக்க வேண்டும். முன்பக்க அளவையும் குறித்துக்கொள்வது ஏன் என்று முதலில் எனக்குப் புரியவில்லை. ஆக்சில்களுக்கு இடையே 3.6 மீட்டர் உள்ள வண்டியில், பின் ஆக்சிலுக்கு 1.2 மீட்டர் பின்னால் 200 கிலோ தொங்கினால், பின் ஆக்சிலில் ஏறுவது ஏறத்தாழ 267 கிலோ. அதிகப்படியான அந்த 67 கிலோ முன் சக்கரங்களிலிருந்து கழிந்து வருவது. ஸ்டியரிங் லேசாகிவிடுவது அதனால்தான். பின்னால் காற்றடித்து வண்டியை மட்டமாக்கினாலும் அந்த 67 கிலோ முன்னால் திரும்பிப் போவதில்லை. சுமையை முன்னே நகர்த்தினால்தான் உண்டு. கமான் பட்டை பாரத்தைச் சேஸிஸின் இரண்டு இடங்களில் பகிர்ந்து தருகிறது. பை ஆக்சிலுக்கு நேர்மேலே ஒரே இடத்தில் முட்டுகிறது. கடைக்கோடியில் கனத்தைத் தொங்கவிட்டுக் கரடுமுரடான பாதையில் ஓடிய வண்டிகள், அந்த இடத்தில் சேஸிஸ் வளைந்து நின்ற கதைகள் ஆஸ்திரேலியாவில் நிறைய உண்டு.

குளிர்காலத்தில் பனி உருக வாகன நிறுத்துமிடங்களுக்கு உப்புத் தூவும் ஒப்பந்தக்காரர் ஒருவர் எங்களிடம் வந்தார், யாழ்ப்பாணத்துக்காரர். 20 கிலோ உப்புப் பைகள் நாற்பதை ஏற்றி, பின்கதவில் தூவும் கருவியையும் மாட்டியிருந்தார். வண்டியின் முகப்பு விளக்கு எதிரே வருபவரின் கண்ணில் அடித்தது. காற்றுப் பை பொருத்தி நிமிர்த்தியதும் வண்டியைச் சுற்றி வந்து பார்த்துவிட்டுச் சொன்னார்: "தம்பி, இப்ப நிமிர்ந்து நிக்குதுதானே, இன்னும் பத்துப் பை ஏத்தலாம் போல கிடக்கு."

எனக்குச் சுருக்கென்றது. வண்டி தாழ்ந்து உட்காருவது, இதற்கு மேல் ஏற்றாதே என்று அது சொல்லும் மொழி. அந்த வாயை நான் அடைத்துவிட்டேன். காற்றுப் பை நிமிர்த்துகிறதே தவிர, ஆக்சில், பேரிங், டயர், பிரேக் ஆகியவற்றின் தாங்கும் அளவில் ஒரு கிலோவைக்கூடக் கூட்டுவதில்லை. ஓட்டுநர் கதவைத் திறந்து, தூணில் ஒட்டியிருந்த சீட்டைக் காட்டினேன்: ஆட்களும் சுமையும் சேர்ந்து 780 கிலோ. அவருடைய எடையையும் கருவியின் எடையையும் கழித்தால் 32 உப்புப் பைகளுக்குத்தான் இடம் இருந்தது. அவர் முகம் வாடியது. காற்றுப் பை வாங்கியதே வீண் என்று நினைத்திருப்பார்.

இழந்த பேச்சைக் காற்றழுத்த மானியிலிருந்து பெறலாம் என்று அப்போது தோன்றியது. கை மானியை வைத்து எடுக்கும் ஒவ்வொரு முறையும் கொஞ்சம் காற்று போய்விடும் என்பதால், ஓட்டுநர் அறையிலேயே நிலையாக ஒன்றைப் பொருத்தினோம். 32 பைகளோடு வண்டி மட்டமாக நிற்க 45 பி.எஸ்.ஐ. தேவைப்பட்டது. அந்த எண்ணைச் சூரியத் தடுப்புப் பலகையில் எழுதி வைத்தேன். மறுநாள் காலையிலேயே அவர் தொலைபேசியில் அழைத்து, காற்று கசிகிறது, 40-க்கு வந்துவிட்டது என்றார். கசிவு எதுவும் இல்லை. கதகதப்பான பட்டறைக்குள் அளந்த காற்று, பூஜ்யத்துக்குக் கீழே 20 பாகை குளிரில் சுருங்கியிருந்தது. வண்டியை வெளியே நிறுத்திக் குளிரவிட்டு, மறுபடி அளந்து, எண்ணைத் திருத்தி எழுதினோம்.

ஜனவரியில் ஒரு பனிப்பொழிவுக்கு முந்தைய மாலை, அவர் எங்கள் வாசலில் வண்டியை நிறுத்தினார். மட்டமாக நிற்க முள் 60-ஐத் தொட வேண்டியிருந்தது. நான் எதுவும் கேட்கவில்லை. அவரே இறங்கிப் பின்கதவைத் திறந்து, பைகளை ஒவ்வொன்றாக எடுத்துத் தந்தார். பத்துப் பைகள். மார்ச் வரை எங்கள் வாசற்படிக்கு உப்பு வாங்க வேண்டியிருக்கவில்லை.