மின்தடை, மின்திறன் கணக்குகள்: எது மாறும், எது மாறாது?

பத்தாம் வகுப்பு மின்னோட்டவியல் பாடத்தை மாணவனாகப் படித்து, பாலிடெக்னிக்கில் அதையே விரிவாகக் கற்று, இப்போது மாலை நேரங்களில் பிள்ளைகளுக்குச் சொல்லித் தந்துவரும் அனுபவத்தில் இதை எழுதுகிறேன். மின்னழுத்தமும் மின்னோட்டமும் கொடுக்கப்பட்டிருந்தால் வகுத்தால் மின்தடை, பெருக்கினால் மின்திறன் என்ற அளவுக்கு எல்லோருக்கும் தெரியும். ஓர் இஸ்திரிப் பெட்டி 220 வோல்ட்டில் 5 ஆம்பியர் எடுத்தால் அதன் மின்தடை 44 ஓம், மின்திறன் 1100 வாட். இதில் தடுமாறுபவர் குறைவு. கேள்வியில் ஏதேனும் ஓர் அளவை மாற்றிவிட்டு "இப்போது மின்திறன் எவ்வளவு?" என்று கேட்கும்போதுதான் மதிப்பெண் போகிறது.

மின்திறனுக்கு மூன்று வடிவங்களைப் படிக்கிறோம்: மின்னழுத்தம் பெருக்கல் மின்னோட்டம், மின்னோட்டத்தின் வர்க்கம் பெருக்கல் மின்தடை, மின்னழுத்தத்தின் வர்க்கம் வகுத்தல் மின்தடை. முதலாவதில் ஓம் விதியை (மின்னழுத்தம் = மின்னோட்டம் பெருக்கல் மின்தடை) பிரதியிட்டால் மற்ற இரண்டும் தாமாகவே வந்துவிடும் என்பதால், மூன்றையும் தனித்தனியே மனப்பாடம் செய்யத் தேவையில்லை. முக்கோணம் வரைந்து ஒரு மூலையை விரலால் மறைக்கும் முறையையும் நான் பரிந்துரைப்பதில்லை. அது விடையைத் தரும், ஆனால் எந்த வடிவத்தை எப்போது எடுப்பது என்பதைச் சொல்லாது. அதைத் தீர்மானிக்க, இந்தக் கணக்கில் மாறாமல் இருப்பது எது என்ற ஒரே கேள்வி போதும்.

வாளித் தண்ணீரில் போடும் வாட்டர் ஹீட்டரை எடுத்துக்கொள்வோம். அதன் மேல் 230 வோல்ட், 1500 வாட் என்று அச்சிட்டிருக்கிறது. 1500-ஐ 230-ஆல் வகுத்தால் ஏறத்தாழ 6.52 ஆம்பியர், 6 ஆம்பியர் சாக்கெட்டில் செருகாமல் 16 ஆம்பியர் சாக்கெட்டில் செருகச் சொல்வதன் காரணம் இந்த எண்ணிலேயே இருக்கிறது. 230-இன் வர்க்கமான 52,900-ஐ 1500-ஆல் வகுத்தால் மின்தடை சுமார் 35.3 ஓம். இனி, லோ வோல்டேஜில் 180 வோல்ட் மட்டுமே வருகிறது என்று கேள்வி தொடர்ந்தால், பலர் 180-ஐ முன்பு கண்ட 6.52-ஆல் பெருக்கி 1174 வாட் என்று எழுதிவிடுகிறார்கள். மின்னழுத்தம் குறையும்போது மின்னோட்டமும் சேர்ந்தே குறைவதால் அந்த 6.52 இப்போது செல்லாது. மாறாமல் இருப்பது ஹீட்டர் கம்பியின் மின்தடைதான். ஆகவே 180-இன் வர்க்கத்தை 35.3-ஆல் வகுக்க வேண்டும். விடை ஏறத்தாழ 918 வாட். மின்னழுத்தம் 22 சதவீதம்தான் குறைந்தது, மின்திறனோ 39 சதவீதம் குறைந்துவிட்டது. வர்க்கம் செய்யும் வேலை இது. "220 வோல்ட், 100 வாட் பல்பை 110 வோல்ட்டில் இயக்கினால்" என்ற பழைய கேள்விக்கு 50 என்று எழுதாமல் 25 என்று எழுத வேண்டியதும் இதனால்தான்.

தொடர் இணைப்பில் மாறாத அளவு மின்னோட்டம். ஒரே மின்னழுத்தத்துக்கான 60 வாட், 100 வாட் குண்டு பல்புகள் இரண்டைத் தொடராக இணைத்தால் எது அதிகமாக ஒளிரும் என்று கேட்டால், மின்னோட்டத்தின் வர்க்கம் வரும் வடிவத்தை எடுங்கள்: வாட் குறைவு என்பதால் மின்தடை கூடுதலாக உள்ள 60 வாட் பல்பே அதிகமாக ஒளிரும். பக்க இணைப்பில் மின்னழுத்தம் பொதுவாக இருப்பதால் 100 வாட் பல்பு முந்திக்கொள்ளும்.

அலகுகளைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ஒரு டார்ச் பல்புக்கு 6 வோல்ட், 30 மில்லி ஆம்பியர் என்று வந்தால் முதலில் 0.03 ஆம்பியர் என மாற்றி எழுதிவிட்டுத்தான் சூத்திரத்துக்குப் போக வேண்டும். சரியான விடை 200 ஓம், 0.18 வாட். மாற்றாமல் பெருக்கினால் 180 வாட் வரும். சின்னஞ்சிறு டார்ச் பல்பு 180 வாட் எடுக்குமா என்று ஒரு கணம் நின்று பார்த்தாலே பிழை பிடிபடும்.

மின்தடை மாறாது என்று மேலே சொன்னதற்கும் ஓர் எல்லை உண்டு. 230 வோல்ட், 100 வாட் குண்டு பல்பின் மின்தடை கணக்குப்படி 529 ஓம். அதையே இணைப்பிலிருந்து கழற்றி, ஆறிய நிலையில் மல்டிமீட்டரை வைத்தால் சில பத்து ஓம்கள்தான் காட்டும். டங்ஸ்டன் இழை சூடேற ஏற அதன் மின்தடை பல மடங்கு உயர்கிறது. கணக்கில் கிடைப்பது எரியும் நிலையிலான மதிப்பு. ஆய்வகத்தில் ஓம் விதிச் சோதனை செய்யும்போது ஒவ்வோர் அளவீட்டுக்கும் இடையே சாவியைத் திறந்துவைக்கச் சொல்வதும் கம்பி சூடாகி மதிப்பு நகர்ந்துவிடக் கூடாது என்பதற்காகவே. தேர்வில் "வெப்பநிலை மாறவில்லை எனக் கொள்க" என்ற ஒரு வரியை விடையில் சேர்த்துவிடுங்கள்.

பாலிடெக்னிக், ஐ.டி.ஐ. மாணவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். இந்த நேரடிப் பெருக்கல் ஹீட்டர், இஸ்திரிப் பெட்டி, குண்டு பல்பு போன்ற மின்தடைச் சுமைகளுக்குப் பொருந்தும். மாறுதிசை மின்னோட்டத்தில் ஓடும் மின்விசிறிக்கும் மோட்டாருக்கும் பெருக்கி வருவதைத் திறன் காரணியாலும் (பவர் ஃபேக்டர்: மின்னழுத்தமும் மின்னோட்டமும் ஒரே நேரத்தில் உச்சத்தை எட்டாததால் வரும், ஒன்றுக்கும் குறைவான எண்) பெருக்கினால்தான் வாட் கிடைக்கும். அவற்றின் சுருளில் மல்டிமீட்டர் காட்டும் ஓமை வைத்து மின்னோட்டத்தைக் கணக்கிடவும் முடியாது.