இசட் டிரைவும் அந்த 30 வினாடியும்

சி.சி.என்.ஏ. என்ற நெட்வொர்க் தேர்வுக்குப் படித்தபோது, சுவிட்சுகளுக்கிடையே டேட்டா வட்டமடிக்காமல் (லூப்) தடுக்கும் ஸ்பானிங் ட்ரீ பாடத்தை உருப்போட்டுத்தான் வைத்திருந்தேன். சுவிட்ச் போர்ட்டில் இணைப்பு உயிர்பெற்றதும் லிசனிங் என்ற நிலை 15 வினாடி, லேர்னிங் 15 வினாடி, அதற்கப்புறம்தான் போர்ட்டில் டேட்டா ஓடும். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். வேலைக்குப் போன இடத்தில் அதே 30 வினாடி எதிரே வந்து நின்றபோது அடையாளம் தெரியவில்லை.

பழைய கணினிகளை எடுத்துவிட்டு எஸ்எஸ்டி போட்ட புதியவற்றை வைத்திருந்தோம். மறுநாள் காலை கணக்குப் பிரிவு அக்காவிடமிருந்து போன்: "தம்பி, இசட் டிரைவைக் காணோம்." சர்வரில் உள்ள ஃபோல்டர்தான் கணினியில் இசட் டிரைவாகத் தெரியும். போய், டிரைவை இணைக்கும் நெட் யூஸ் கட்டளையைக் கையால் அடித்தேன், வந்துவிட்டது. லாக் ஆஃப் செய்து மறுபடி உள்ளே போனாலும் வந்தது. காலையில் முதல் தடவை மட்டும் வராது. நான் சர்வர் பர்மிஷனை நோண்டியே இரண்டு நாளைத் தொலைத்தேன். அந்த அக்காவின் லாகினிலேயே கையால் போட்டால் வருகிறது என்றால் பாதை, பாஸ்வேர்டு, பர்மிஷன் எல்லாம் சரி. மிச்சம் நேரக் கணக்குதான். இது அப்போது உறைக்கவில்லை.

விண்டோஸ் பிழைகளைப் பதிந்து வைக்கும் ஈவென்ட் வியூவரில் 1129 என்ற பிழை எண் இருந்தது. லாகின்களைச் சரிபார்க்கும் சர்வரான டொமைன் கன்ட்ரோலரை எட்ட முடியாமல், அங்கிருந்து வரும் அமைப்புகளான (டிரைவை இணைப்பது உட்பட) குரூப் பாலிசி தோற்றுவிட்டது என்று பொருள். எக்ஸ்பி காலத்திலிருந்தே விண்டோஸ் நெட்வொர்க்குக்காகக் காத்திருப்பதில்லை. சேமித்து வைத்த விவரத்தை வைத்தே பயனரை உள்ளே விட்டுவிடும். பழைய ஹார்டு டிஸ்க் ஆமை வேகத்தில் எழுந்ததால் அதற்குள் போர்ட் தயாராகியிருந்தது. எஸ்எஸ்டி அந்த அவகாசத்தைத் தின்றுவிட்டது.

உறுதிப்படுத்த, மேசைக்கடியில் அமைப்பு எதுவும் செய்ய முடியாத ஒரு சாதா அன்மேனேஜ்டு சுவிட்சை, கணினிக்கும் பெரிய சுவிட்சுக்கும் நடுவில் செருகினேன். கணினி அணைந்தாலும் பெரிய சுவிட்சின் போர்ட் உயிரோடு இருக்கும், 30 வினாடி புதிதாகத் தொடங்காது. மறுநாள் காலை இசட் டிரைவ் தானாக வந்தது. எந்தப் பாடப்புத்தகத்தையும்விட அந்த மலிவான பெட்டி எனக்கு அதிகம் கற்றுக்கொடுத்தது.

கணினிகள் செருகியிருக்கும் போர்ட்களில் மட்டும் அந்த 30 வினாடியைத் தவிர்க்கும் போர்ட்ஃபாஸ்ட் அமைப்பைப் போட்டோம், கூடவே வேறு சுவிட்சின் ஸ்பானிங் ட்ரீ செய்தி வந்தால் போர்ட்டை மூடிவிடும் பிபிடியு கார்டும். சுவிட்சுக்கும் சுவிட்சுக்கும் நடுவில் போர்ட்ஃபாஸ்ட் போட்டால் லூப் ஆபத்து. வேகமான புதிய வகையான ரேபிட் ஸ்பானிங் ட்ரீ இருந்தாலும், இது கணினி செருகும் எட்ஜ் போர்ட் என்று சுவிட்சிடம் சொல்லாவிட்டால் இதே காத்திருப்புதான். நேர்காணலில் பலர் சறுக்குவது இங்கேதான். விண்டோஸ் பக்கம், நெட்வொர்க் வரும்வரை எப்போதும் காத்திருக்கச் சொல்லும் பாலிசியை கம்ப்யூட்டர் கான்ஃபிகரேஷனில் சிஸ்டம், லாகான் பகுதியில் இயக்கினோம். லாகின் சில வினாடி தாமதமாகும், பரவாயில்லை.

நேர்காணலில் இதையே திருப்பிக் கேட்பார்கள். ரீஸ்டார்ட் செய்தால் வருகிறது, ஷட் டவுன் செய்து ஆன் செய்தால் வரவில்லை என்றால், முழுதாக அணையாமல் பாதியைச் சேமித்து வைத்து விண்டோஸை வேகமாக எழுப்பும் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்பைச் சந்தேகியுங்கள். ஐந்து நிமிடம் கழித்து டிரைவ் தானாக முளைத்தால், லாகின் ஆனதும் தானாக ஓடும் கட்டளைக் கோப்பான லாகான் ஸ்கிரிப்டுக்கு விண்டோஸ் 8.1 முதல் வைத்திருக்கும் 5 நிமிடத் தாமதம் அது. அதற்கும் குரூப் பாலிசியில் தனி அமைப்பு உண்டு.