கடோத்கஜனுக்கு எதிர்ப்பந்தியில் ஒரு கேமரா

சனிக்கிழமை ராத்திரி சாப்பிட்டு முடித்துவிட்டு வீட்டில் எல்லோரும் மாயாபஜார் பார்த்துக்கொண்டிருந்தோம். ‘கல்யாண சமையல் சாதம்’ பாட்டு வந்ததும், தூக்கக் கலக்கத்தில் என் மேல் சாய்ந்திருந்த அக்கா பையன் எழுந்து உட்கார்ந்துவிட்டான். “மாமா, லட்டு எப்படித் தானாப் போய் வாய்க்குள்ள விழுது?” எட்டு வயதுப் பிள்ளை. தினமும் ஃபோனில் கட்டடம் இடிந்து விழுவதையும் டிராகன் பறப்பதையும் பார்க்கிறவன், அதையெல்லாம் எப்படிச் செய்கிறார்கள் என்று ஒரு நாளும் கேட்டதில்லை. 1957-இல் வந்த கறுப்பு வெள்ளைப் படத்து லட்டைப் பார்த்துக் கேட்கிறான். அவனைத் தூங்க அனுப்பிவிட்டு அந்தப் பாட்டை மட்டும் நிறுத்தி நிறுத்தி ஐந்தாறு முறை பார்த்தேன்.

கல்யாணப் பந்தியில் உட்காரும்போது எதிர் வரிசையில் இருப்பவர் சாப்பிடுவது நமக்கு நேராகத் தெரியுமே, கேமரா இருக்கும் இடம் கிட்டத்தட்ட அதுதான். மாப்பிள்ளை வீட்டாருக்காகச் செய்து வைத்த பண்டங்கள், அவற்றுக்குப் பின்னால் கடோத்கஜனாக எஸ்.வி. ரங்காராவ், இந்தப் பக்கம் நாம். மேலே ஏறிப் பார்ப்பது, சுற்றி வருவது எதுவும் கிடையாது. அவர் விருந்துக்கு நாம் எதிர்ப்பந்தி.

அந்தக் காலத்தில் கேமராவைத் தூக்க முடியாது, அதனால்தான் அசையவில்லை என்று சிலர் நினைப்பார்கள். அப்படி இல்லை. கிரேன், டிராலி எல்லாம் அப்போதே இருந்தன. ஒரு பொருளைப் படத்தில் மறைய வைக்க வேண்டுமானால் கேமராவை நிறுத்தி, பொருளை எடுத்துவிட்டு, மறுபடி ஓட விட வேண்டும். நகர வைக்க வேண்டுமானால் கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளி வைத்து ஒவ்வொரு ஃபிரேமாக எடுக்கலாம், கண்ணுக்குத் தெரியாத நூலைக் கட்டி இழுக்கலாம், வாயிலிருந்து வெளியே இழுத்துப் படம் பிடித்துப் பின்னோக்கி ஓட்டலாம். நிறுத்தி நிறுத்தி எடுக்கும் வித்தைக்குக் கேமரா ஆணி அடித்ததுபோல இருந்தால்தான் ஒட்டு தெரியாது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் பையனை வைத்தே இதைச் செய்து பார்த்தோம். டிபன் பாக்ஸில் ஃபோனைச் சாய்த்து வைத்து, ஒரு தட்டில் ஏழு லட்டு. அவன் ‘பாஸ்’ அழுத்த அழுத்த நான் ஒன்றொன்றாக எடுத்தேன். ஓட விட்டுப் பார்த்தால் லட்டு மறைகிறது, ஆனால் ஒவ்வொரு முறையும் தட்டு துள்ளுகிறது, அவன் விரல் பட்டு ஃபோன் ஒரு மயிரிழை நகர்ந்திருக்கிறது. இன்னொன்று, பத்து நிமிடத்துக்குள் ஜன்னல் வெயில் தள்ளிப்போய்த் தட்டின் நிழல் இடம் மாறிவிட்டது. நாலாவது லட்டுக்கும் ஐந்தாவது லட்டுக்கும் நடுவில் மதியம் ஆகிவிட்டதுபோல இருந்தது. ஸ்டுடியோவுக்குள் லைட் போட்டு எடுப்பது ஏன் என்று அவனுக்கு நான் விளக்கவே வேண்டியிருக்கவில்லை.

ஒளிப்பதிவு மார்கஸ் பார்ட்லி, இயக்கம் கே.வி. ரெட்டி. வடபழனி விஜயா வாஹினி ஸ்டுடியோவில் எடுத்த படம். இன்று அந்த இடத்தில் மாலும் ஆஸ்பத்திரியும் நிற்கின்றன, ஆற்காடு ரோட்டில் போகும்போதெல்லாம் இந்தச் சுவருக்குள்தானே அந்த விருந்து நடந்தது என்று நினைத்துக்கொள்வேன். கறுப்பு வெள்ளையில் லட்டின் மஞ்சளும் கிடையாது, பித்தளையின் பளபளப்பும் பொன்னிறமாக வராது. எல்லாமே சாம்பல். பாத்திரம் வேறு பண்டம் வேறு என்று பிரித்துக் காட்டுவது வெளிச்சம் மட்டும்தான். இதே பார்ட்லிதான் 1965-இல் செம்மீனில் கடலைக் கலரில் எடுத்தார்.

சரி, கேமரா அசையாவிட்டால் காட்சி செத்துப்போக வேண்டுமே, ஏன் போகவில்லை? ரங்காராவின் கண்தான் காரணம். அவர் எங்கே பார்க்கிறாரோ அங்கே நாமும் பார்க்கிறோம். கேமரா திரும்பிச் செய்ய வேண்டிய வேலையை அவர் கழுத்தும் புருவமும் செய்கின்றன. கொஞ்சம் யோசித்துப் பாருங்கள், லட்டு உயிரோடு வருவதுபோல அவர் நடிக்காவிட்டால் எந்த வித்தையும் வெறும் நூல் வித்தைதான். அதோடு அந்த வாய்க்கு இரண்டு வேலை. திருச்சி லோகநாதன் பாடி வைத்த பாட்டுக்கும் அந்தச் சிரிப்புக்கும் உதடு அசைக்க வேண்டும், நடுவில் சாப்பிடவும் வேண்டும். தெலுங்கு மாயாபஜாரிலும் அவர்தான் கடோத்கஜன், அங்கே மாதவபெத்தி சத்யம் குரலுக்கு வாயசைத்தார். அபிமன்யுவுக்குத் தமிழில் ஜெமினி, தெலுங்கில் நாகேஸ்வர ராவ் என்று ஆள் மாறினார்கள். இவருக்கு மாற்று ஆள் தேடவில்லை.

இதையெல்லாம் நான் பையனிடம் சொல்லவில்லை. ஞாயிறு மத்தியானம் மீதி லட்டைத் தின்றுகொண்டே பாட்டை மறுபடி போட்டோம். இந்த முறை அவன் தட்டைப் பார்க்கவே இல்லை. பாதிப் பாட்டில் என் கையைத் தட்டிச் சொன்னான்:

“மாமா, லட்டு கிளம்புறதுக்கு முன்னாடியே அவரு அதைப் பார்த்துடுறாரு.”