ஏர்கோனுக்குக் கேஸ் அடிக்கும் முன் கிளட்ச் சுற்றுகிறதா என்று பாருங்கள்

வண்டி ஏர்கோனில் குளிர் நிற்கவில்லை என்று மூன்று வாரம், நான்கு பட்டறை, 400 வெள்ளி (ரிங்கிட்). கடைசியில் பார்த்தால் கோளாறு அரை மில்லிமீட்டர் இடைவெளியில் இருந்திருக்கிறது. ஆத்திரம் இன்னும் அடங்கவில்லை. உங்கள் வண்டிக்கும் இப்படி நடக்கக்கூடாது என்றுதான் எழுதுகிறேன்.

பட்டர்வொர்த்தில் பூமாலை கட்டி பினாங்குத் தீவுக்குக் கொண்டுபோவது எங்கள் தொழில். மற்ற சரக்கெல்லாம் பிக்கப்பின் பின்பக்கம் போகும், கல்யாண மாலை மட்டும் பின் சீட்டில், ஏர்கோனில். விடிகாலையில் கிளம்பினால் குளிர் பிய்த்துக்கொண்டு வரும். அதே வண்டி மதியம் பாலத்து ஜாமில் மாட்டினால் காற்று மட்டும் வரும், குளிர் இருக்காது. ஒரு சனிக்கிழமை மண்டபத்தில் பெட்டியைத் திறந்தபோது மல்லிகையின் ஓரமெல்லாம் பழுப்பேறியிருந்தது. மணப்பெண்ணின் அம்மா ஒரு மொட்டை விரலால் தொட்டுப் பார்த்துவிட்டு ஒன்றும் பேசாமல் மூடி வைத்தார். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

முதல் பட்டறையில் இருந்த பையன் மீட்டரை மாட்டி ஒரு பார்வை பார்த்தான். "கேஸ் கூராங்" (குறைவு) என்று சொல்லி டாப்-அப் செய்து 80 வெள்ளி வாங்கிக்கொண்டான். மறுநாள் குளிர் முன்னைவிடச் சீக்கிரமாகவே போய்விட்டது. கேஸ் பெட்ரோல் மாதிரி தீர்ந்துபோகிற பொருள் அல்ல, மூடிய குழாய்களுக்குள்ளேயே சுற்றி வருவது. குறைந்தால் எங்கேயோ கசிகிறது என்று அர்த்தம். எங்கே கசிகிறது என்று அன்றைக்கு நான் கேட்டிருக்க வேண்டும்.

இரண்டாவது பட்டறைக்குக் காலை 9 மணிக்குப் போனது என் தப்பு. ராத்திரி முழுக்க ஆறிய வண்டி. தெர்மோமீட்டரைக் காற்றுத் துவாரத்தில் செருகினார்கள், 8 டிகிரி. "நல்லாத்தானே இருக்கு?" சோதனைக் கூலி 60 வெள்ளி. மதியம் குளிர் நின்றதும் போன் செய்தேன். வண்டியைப் பார்க்காமலேயே, காற்றைக் குளிர்விக்கும் கூலிங் காயிலில் ஓட்டை இருக்கும், டேஷ்போர்டைக் கழற்ற வேண்டும், 1,400 வெள்ளி ஆகும் என்று பதில் வந்தது. மூன்றாவது பட்டறையில் ரிலே (கரண்டை விட்டு நிறுத்தும் சுவிட்ச்) மாற்றினார்கள், 110 வெள்ளி. அது பலிக்கவில்லை என்றதும் கேஸை அழுத்திச் சுற்றவிடும் கம்ப்ரசரே போச்சு என்றார்கள். முன்பணம் கட்டவே தயாராகிவிட்டேன்.

தடுத்தது மாமா. பிறையில் அவருக்குத் தெரிந்த ஒரு பெரியவர் இருக்கிறார், வீட்டோடு ஒட்டிய சின்னப் பட்டறை. அவர் கேஸைப் பற்றிப் பேசவே இல்லை. "தம்பி, எப்போ போகுது, எப்போ திரும்ப வருது?" என்றுதான் கேட்டார். ஒரு மணி நேரம் ஓடினால் குளிர் போகும், எங்காவது நிறுத்தி ஒரு மணி நேரம் ஆறவிட்டால் மறுபடி வரும் என்றேன். "அப்படின்னா மதியம் 2 மணிக்கு வா. நல்லா ஓட்டிட்டு வா. இன்ஜினை அணைக்காதே."

அப்படியே போனேன். பானெட்டைத் திறந்து கம்ப்ரசரின் முன்பக்கத்தைக் காட்டினார். பெல்ட் சுற்றுகிறது, பெல்ட் ஓடும் சக்கரமான புல்லி சுற்றுகிறது, ஆனால் அதன் முகப்பில், அந்தச் சுற்றைக் கம்ப்ரசருக்குக் கொடுக்க வேண்டிய கிளட்ச் தட்டு அசையாமல் நிற்கிறது. கிளட்ச்சுக்குப் போகும் வயரில் டெஸ்ட் விளக்கைத் தொட்டார், எரிந்தது. கரண்ட் வருகிறது, தட்டுதான் ஒட்டவில்லை. நீளமான மரக்குச்சியால் தட்டை லேசாக ஒரு தள்ளு தள்ளினார். 'டக்'. இன்ஜின் சத்தம் ஒரு படி இறங்கியது, ஒரு நிமிடத்தில் உள்ளே குளிர். (அவர் கைக்கு 40 வருடப் பழக்கம். ஓடுகிற பெல்ட் பக்கத்தில் நீங்கள் இதை முயலவே வேண்டாம். எட்ட நின்று கண்ணால் பார்த்தாலே போதும்.)

அந்தத் தட்டைக் காந்தம்தான் புல்லியோடு இழுத்து ஒட்ட வைக்கிறது. வருடக்கணக்கில் ஒட்டி ஒட்டித் தட்டு தேய, நடுவில் இடைவெளி பெரிதாகிறது. காந்தத்தின் கம்பிச் சுருள் சூடானால் கரண்ட் குறையும், இழுவையும் குறையும். காலையில் எட்டிப் பிடித்த தூரத்தை மதியம் பிடிக்க முடியாது. இன்ஜின் ஆறியதும் ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடுகள்) விட்டு அளந்தார். 1 மில்லிமீட்டர் தகடு தாராளமாக உள்ளே போனது. பொதுவாக அரை மில்லிமீட்டர் சுமாருக்கு இருந்தால் போதுமாம். தட்டைக் கழற்றி, இடைவெளியைச் சரிசெய்ய உள்ளே வைத்திருந்த மெல்லிய ஷிம் வளையங்களில் ஒன்றை எடுத்துவிட்டுத் திரும்ப மாட்டினார். அவ்வளவுதான் வேலை.

அப்புறம் கேஸை முழுக்க மெஷினில் இறக்கி எடை போட்டார். பானெட் அடியில் ஸ்டிக்கரில் எத்தனை கிராம் என்று போட்டிருக்கும், அதைவிட 140 கிராம் அதிகம்! டாப்-அப் செய்த புண்ணியம். கேஸ் கூடினாலும் குளிர் குறையும், கம்ப்ரசருக்கும் பாரம். குழாய்க்குள் இருக்கும் காற்றை உறிஞ்சி எடுத்து (வேக்கும்), ஸ்டிக்கரில் உள்ள அளவையே தராசு வைத்து ஏற்றினார். எல்லாம் சேர்த்து 150 வெள்ளி.

குளிர் நின்ற அந்த நேரத்திலேயே வண்டியைக் காட்டுங்கள். முடியாவிட்டால் போனில் வீடியோ எடுத்துக்கொண்டு போங்கள். தட்டு ஒழுங்காகச் சுற்றியும் குளிர் இல்லை என்றால் அது வேறு கதை: கேஸின் சூட்டை வெளியேற்றும் கண்டன்சரின் ஃபேன், அடைப்பு, உண்மையான கேஸ் கசிவு என்று ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும். எடுக்க ஷிம்மே இல்லை என்றாலும் பல வண்டிகளுக்குக் கிளட்ச் செட் மட்டும் தனியாகக் கிடைக்கும், கம்ப்ரசரையே மாற்றச் சொன்னால் அதை முதலில் கேளுங்கள்.

போன சனிக்கிழமை மதியம் பாலத்தில் முக்கால் மணி நேரம் நின்றோம். பின் சீட்டில் இரண்டு ஜோடி மாலை, கண்ணாடியில் பனி கோத்தது. புல்லி பேரிங்கில் லேசாக ஒரு சத்தம் இருக்கிறது, ஆறு மாதத்தில் திரும்ப வா என்று பெரியவர் சொல்லியிருக்கிறார். தேதியைக் காலண்டரில் குறித்து வைத்திருக்கிறேன்.